நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்த தரை

டைல்ஸ் கடைக்கு நல்லெண்ணெய் பாட்டிலோடு போன பெண்பிள்ளை இந்தச் சிலாங்கூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதில் எனக்கு இன்றுவரை வெட்கமில்லை. பெருமைதான்.

கடை ரவாங்கில் இருக்கிறது. நாலு கடை அகலத்துக்குக் கண்ணாடி போட்டு, உள்ளே குளியலறைகளையே அறை அறையாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். குழாய்கள் எல்லாம் பளபளப்பில்லாத கறுப்பு. கழிப்பறைக் கோப்பை தரையைத் தொடாமல் சுவரில் தொங்கியது. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. விற்பனைக்கு நின்ற தமிழ்ப் பிள்ளை என்னை ஒரு பெரிய டைலிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"இது மார்பிள் லுக் ஆன்ட்டி. இப்ப எல்லாரும் இதான் எடுக்கிறாங்க. பெரிய சைஸு, கோடே தெரியாது."

"வழுக்குமா?"

"வழுக்காது ஆன்ட்டி, ஆன்டி-ஸ்லிப்."

"எண்ணெய் பட்டா?"

அவள் சிரித்தாள். குளியலறையில் எண்ணெய் எங்கிருந்து வரும் என்கிற சிரிப்பு. நான் கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். அவள் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்பதற்குள் ஒரு கரண்டி அளவு ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, டைல் மேல் ஏறி நின்றுவிட்டேன். நின்றேன் என்பது பொய். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் உடம்புக்கு அந்தப் பழமொழி இரண்டு விதத்திலும் பொருந்தும். அந்தப் பிள்ளை பாய்ந்து என் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஊனம் இரண்டாகியிருக்கும்.

நான் புக்கிட் பெருந்துங் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறவள். மின்சாரச் சாமான்களைக் கையில் எடுத்து, எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. 'நல்ல சாமான்' என்று யார் சொன்னாலும் முதலில் சந்தேகம்தான் வரும். ஆகவே அடுத்த டைலுக்குப் போனேன். அதற்கு அடுத்ததுக்கும் போனேன். அந்தப் பிள்ளை முதலில் பழந்துணியோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். ஆறாவது டைலில், "இருங்க ஆன்ட்டி, நான் நிக்கிறேன்" என்று தானே சப்பாத்தைக் கழற்றினாள். சீயக்காய்த் தூளையும் ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். அதையும் குழைத்துத் தேய்த்துப் பார்த்தோம்.

கடைசியில் எங்கள் இருவரையும் அசையாமல் நிறுத்தியது உள்ளங்கை அளவு ஆறுகோணச் சில்லுகள். சொரசொரப்பான சாம்பல் நிறம். பெரிய டைலில் இல்லாத கோடுகள் இதில் ஆயிரம் இருந்தன. அந்தக் கோடுகளைக் கால்விரல்கள் பிடித்துக்கொண்டன. கோடு தெரியாமல் இருப்பதுதான் இந்தக் காலத்து அழகாம். சுவரில் இருக்கட்டும் அந்த அழகு, தரையில் எனக்குக் கோடு வேண்டும் என்றேன்.

இதையெல்லாம் நான் பொழுதுபோகாமல் செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு என்று எங்கள் பக்கத்து மண்சாலைக் குழிகளை எல்லாம் பேர் வைத்துக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். போன வருடம் காலில் ஒரு செம்பனை முள் குத்தியது. கடுகளவு புண். இனிப்பு நீர் வியாதி இருக்கிற உடம்பில் கடுகும் மலையாகும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு வாரம் 'நாளைக்குப் போலாம்' என்றே ஓட்டிவிட்டோம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காலைவிடப் பெரிய இழப்பு ஒன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீடு பெஸ்தாரி ஜெயாவில். நாங்கள் இன்னும் பழைய பேரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். அந்த வரிசை வீட்டைக் கட்டிய மகராசன் குளியலறை வாசலில் முழங்கால் பாதி உயரத்துக்கு ஒரு கட்டை வைத்திருந்தான். அதைத் தாண்டினால் உள்ளே ஒரு பள்ளம். பள்ளத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சிமெண்டுத் தொட்டி. செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுத்தான் குளிக்க முடியும். ஒற்றைக் காலோடு அந்தக் கட்டையைத் தாண்டுவது நடக்கிற காரியமா?

அதனால் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நான் அவரைக் குளிப்பாட்டினேன். தினமும் வேலைக்குப் போகும் முன். எதிரே நின்று மொண்டு மொண்டு ஊற்றுவேன். அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பேசாமல் இருக்கிற ஆளா அவர்? இருபத்தெட்டு வருடமாக அவர் வாயை மூடி நான் பார்த்தது தூங்கும்போதுதான். அதிலும் பாதி நேரம் லோரிக்குப் பின்னால் வருகிறவனைத் திட்டிக்கொண்டிருப்பார். நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டுவார். "எவ்ளோ நேரம் லா குளிப்ப? தொட்டி காஞ்சிடுச்சா இல்லியா?" என்று கத்துவார். எனக்கு ஆத்திரமாக வரும். அந்த மனுஷன்தான் தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு, துண்டைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, என்னிடம் கடன்பட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த வருடத் தீபாவளியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. அவருடைய அப்பா காலத்திலிருந்து வருவது. வீட்டுக்குப் பெரியவர் முதலில் தானே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார். வந்து, மற்றவர்களைப் பலகையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைப்பார். குளிக்காத கையால் வைக்கக் கூடாது, இன்னொருவர் குளிப்பாட்டிவிட்ட கையாலும் வைக்கக் கூடாது. குளிப்பாட்டிவிடுவது பிள்ளைக்கும் பிணத்துக்கும் என்பார் மாமனார். அன்றைக்குக் காலையில் பலகையையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"நீயே வச்சிக்கோ. நான் வைக்கிற ஆளு இல்ல இனி."

எங்கள் தலையில் நாங்களே எண்ணெய் வைத்துக்கொண்டோம், நானும் மகளும். அதற்கு ஒரு தீபாவளியா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த தீபாவளிக்கு இந்த மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு, தானே குளித்துவிட்டு வந்து, என் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும்.

முடிவு செய்வது சுலபம். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி மாட்டச் சொல்லியிருந்தாள். பளபளவென்று ஒரு எவர்சில்வர் கம்பி வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"வீட்ட ஆஸ்பத்திரியா ஆக்கப் போறியா? நொண்டி இருக்கான்னு போர்டும் மாட்டிடு லா."

சொல்லிவிட்டுக் கம்பியைப் பின்சந்துப் பக்கமாக வீசினார். கால் போனாலும் கையில் லோரிக்காரன் பலம் போகவில்லை. கம்பி எதிர் வீட்டு வாழைமரம் வரைக்கும் போனது.

வழி காட்டியது மகள்தான். அவள் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி ஆக்க வேண்டும் என்று ஆசை. கைப்பேசியில் ஒரு நாள் வரிசையாகப் படம் காட்டினாள்.

"அம்மா, இப்ப எல்லாம் இதான் ட்ரெண்டு. வாசல்ல கட்டையே வைக்க மாட்டாங்க. தரை அப்படியே ஹால்லேர்ந்து உள்ள போவும். வோக்-இன் ஷவர்னு பேரு."

நான் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். "கட்டை இருக்காதா?"

"இருக்காது. இங்க பாருங்க, உள்ளேயே சுவரோட சேர்த்து உட்கார கல் பெஞ்சு. சோப்பு வைக்க சுவத்துக்குள்ளயே மாடம். டவல் போட கறுப்புக் கம்பி, கை வழுக்காம அதுல கோடு கோடா வெட்டியிருக்கும். இதெல்லாம் பெரிய ஓட்டல் ஸ்டைல் மா."

நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். வெங்காயக் கையோடுதான். பெரிய பெரிய பணக்காரர்கள் அழகு என்று ஆசைப்பட்டுக் கட்டுகிறதும், ஒற்றைக் காலோடு ஒருவர் குளிக்கத் தேவைப்படுகிறதும் ஒரே சாமான்கள்தான் என்று எனக்கு அந்த நிமிடம் புரிந்தது. கட்டை இல்லாத வாசல், உட்காரும் கல், கைக்கெட்டும் மாடம், வழுக்காத பிடி. ஆஸ்பத்திரி என்று சொன்னால் வீசி எறிவார். நாகரிகம் என்று சொன்னால் என்ன செய்வார்? முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

"மவளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரப்போக இருப்பாங்க. பாத்ரூம மாடனா மாத்தப் போறேன்," என்றேன் அன்று மாலை.

"யாரு குளிக்கிறதுக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?"

"ஆமா, குளிக்கிறதுக்கே லோரி புடிச்சி வருவாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் இறங்கிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

குத்தகைக்காரர் பாசிர் பெனம்பாங்கைச் சேர்ந்த சீனர். முதலாளி என்கிற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் தமிழ் நம்மைப்போலவே பேசுவார். அவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"டவல் கம்பி மாதிரி இருக்கணும் தவுக்கே. ஆனா எங்க வீட்டு ஆளு தொங்குனாலும் பிடுங்கிட்டு வரக் கூடாது."

"எத்தன கிலோ அக்கா?"

"தொண்ணூறு. கால் போனதுக்கு அப்புறமும்."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப டவலுக்கு உள்ள ஸ்குரூ பத்தாது. இரும்புக் கேட்டுக்குப் போடற ஸ்குரூ போடுறேன். வெளிய தெரியாது."

சுத்தியல் வேலை தொடங்கிய காலையில், வாசல் கட்டையின் முதல் அடியை நான்தான் அடிப்பேன் என்று நின்றேன். தவுக்கே சிரித்துக்கொண்டே பெரிய சுத்தியலைக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் அடித்ததில்லை. மூன்றாவது அடியில் சிமெண்டு பிளந்தது. கூடத்திலிருந்து வீட்டுக்காரர், "கட்டடம் விழுந்துடப் போவுது லா!" என்று கத்தினார். அந்தக் கத்தல் காதுக்கு இனிமையாக இருந்தது.

ஒரு சண்டை தொட்டியைப் பற்றி வந்தது. இடித்துவிட வேண்டும், மழைபோலக் கொட்டுகிற பூவாளிக் குழாய் போதும் என்றாள் மகள். நானும் அவரும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கயோங் குவளையால் மொண்டு தலையில் ஊற்றினால்தான் எங்களுக்குக் குளித்த மாதிரி. அதோடு தலை நிறைய எண்ணெயும் சீயக்காயும் அப்பியிருக்கும்போது அந்தப் பூவாளி மழை என்ன செய்யும்? தடவிக் கொடுக்கும். மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் வெட்டு வருகிற ஊரில் குழாயை நம்பி யார் தலையில் எண்ணெய் வைப்பது? கடைசியில் பெரிய தொட்டி போனது. அந்த இடத்தில், கல் பெஞ்சுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடி கைவிட்டு மொள்ளுகிற உயரத்துக்கு ஒரு சின்னத் தொட்டி வந்தது. அதற்கும் அதே சாம்பல் சில்லுகளை ஒட்டினோம். மகள் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். 'ரொம்ப யூனிக்' என்று பதில் வந்ததாம்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேலை முடிந்தது. அவரை மகள் மருத்துவரிடம் கூட்டிப்போன காலையில், வீட்டில் நான் மட்டும் இருந்தேன். செக்கிங் பண்ணாமல் நான் எந்தச் சாமானை வெளியே விட்டிருக்கிறேன்? ஒரு பழைய துப்பட்டாவை எடுத்து, என் இடது காலை முழங்காலில் மடக்கித் தொடையோடு சேர்த்துக் கட்டினேன். தலை நிறைய, கை நிறைய நல்லெண்ணெய். பிறகு ஒற்றைக் காலால் தத்தித் தத்திக் குளியலறைக்குள் போனேன். யாராவது பார்த்திருந்தால் தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

தரை பிடித்தது. எண்ணெய் சொட்டினாலும் சில்லுகள் காலை விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன், மொண்டு குளித்தேன், சீயக்காய் தேய்த்தேன். எல்லாம் முதல் தரம். ஆனால் எழுந்திருக்கும்போது உடம்பு, கால் இல்லாத இடது பக்கமாகச் சாய்ந்தது. இடது கை தானாகப் பிடியைத் தேடியது. அங்கே பிடி இல்லை. எண்ணெய்க் கை வெறும் சுவரில் வழுக்கிக்கொண்டு போய், நான் பெஞ்சில் பொத்தென்று விழுந்தேன்.

பிடி என் வலது பக்கத்தில் இருந்தது.

தவுக்கே மேல் ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு ஞாபகம் வந்தது. இடத்தைக் காட்டியவள் நான்தான். பெஞ்சுக்கு எதிரே நின்று, அவரைக் குளிப்பாட்டும்போது நிற்பதுபோலவே நின்று, "இந்தப் பக்கம் வைங்க" என்று என் இடது கையை நீட்டிக் காட்டியிருக்கிறேன். எதிரே நிற்பவளுக்கு இடது, உட்கார்ந்திருப்பவருக்கு வலது. இத்தனை மாதமாக அவருக்கு எதிரிலேயே நின்றிருக்கிறேன். அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஈரத் தலையோடு, கட்டிய காலோடு, எழ முடியாமல். அவர் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்கிறவர் மலைபோலத் தெரிவார். வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் காலை அவிழ்த்துக்கொண்டு தவுக்கேயை அழைத்தேன்.

"தப்பு என்னோடது தவுக்கே. பக்கம் மாறிப்போச்சி."

அவர் வந்து பார்த்தார். "கழட்டுனா டைல்ல பெரிய ஓட்டை தெரியும் அக்கா, அசிங்கம். அது அங்கயே இருக்கட்டும். இந்தப் பக்கமும் ஒண்ணு போடுவோம்."

சாயங்காலம் மகள் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் இருக்கிறதுதான் அம்மா சிமெட்ரி. முன்னைக்கு இப்பதான் அழகு," என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆனது என் வீட்டில்தான்.

மறு நாள் அவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கறுப்புக் குழாய்களை, கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்கை, இரண்டு கம்பிகளிலும் நான் மறக்காமல் தொங்கவிட்டிருந்த புதுத் துண்டுகளை எல்லாம் பார்த்தார்.

"யாருக்கு லா இந்த ஓட்டலு?"

சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். இந்த முறை எதிரே நிற்கவில்லை, பக்கத்தில் குந்திக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். குதிரையைத் தண்ணீர்த் தொட்டிவரை கொண்டுவந்துவிட்டேன், இனிக் குடிப்பது அதன் பாடு என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கைப் பிழிந்துகொண்டே ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு எங்க தலையில எண்ணெய் யாரு வைக்கிறது?"

அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டினார். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

விடியற்காலையில் எழுந்தபோது கட்டிலில் அவர் இல்லை. கூடத்துக்கு வந்தேன். குளியலறைக் கதவு மூடியிருந்தது. அடியில் மஞ்சள் வெளிச்சம். கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி, அவருடைய செயற்கைக் கால் நின்றுகொண்டிருந்தது.

கதவை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பதின்மூன்று மாதத்தில் முதல் தடவை.

உள்ளே தண்ணீர்ச் சத்தம். கூடவே பேச்சுச் சத்தம். "எந்தப் பக்கம்டா ஒன்னத் திருப்புறது? கறுப்பா இருந்தா ஒனக்கு சூடு எது பச்சத்தண்ணி எதுன்னு யாரு சொல்றது?" என்று குழாயைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மகளும் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மொண்டு ஊற்றுகிற சத்தம். சீயக்காய் மணம். மறுபடி மொண்டு ஊற்றுகிற சத்தம். திடீரென்று தடாலென்று ஏதோ விழுந்தது.

என் கை கதவுக்குப் போய்விட்டது. 'என்னாங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"கயோங் லா விழுந்திச்சி," என்றது உள்ளேயிருந்து குரல். "நீ அங்க நிக்காத. போயி இட்லியப் பாரு."

இட்லியை யார் பார்த்தது? நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கண்ணீரும் வந்தது. கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது. ஒரு கை மட்டும் வெளியே வந்து செயற்கைக் காலை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. பிறகு புது வேட்டியோடு, தலையில் ஈரம் சொட்ட, அந்த மனுஷன் கட்டை இல்லாத வாசலைத் தாண்டி வெளியே நடந்து வந்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பொய் சொல்லவில்லை.

"பலகை எங்க?" என்றார்.

மகளை உட்காரவைத்து முதலில் அவள் தலையில் எண்ணெய் வைத்தார். பிறகு நான் உட்கார்ந்தேன். உச்சந்தலையில் மூன்று சொட்டு. பிறகு உள்ளங்கை முழுவதும் அழுத்தமாக. அந்தக் கையின் கனத்தை ஒரு வருடமாக மறந்திருந்தேன். குனிந்து என் காதில் சொன்னார்.

"இருவத்தாறு வருஷம் லோரி ஓட்டுனவன்டி நான். டவல் தொங்கவிடுறதுக்கு யாராச்சும் இரும்புக் கேட்டு ஸ்குரூ போடுவாங்களா? தவுக்கே துளை போடற சத்தத்துலயே தெரிஞ்சி போச்சி."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"நீ காலக் கட்டிக்கிட்டுக் குளிச்சிப் பாத்ததும் தெரியும். மொழங்கால்ல துணி கட்டுன தடம் மூணு நாளு இருந்திச்சி." எண்ணெயை இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தார். பிறகு, "எனக்காக நீ நொண்டுனியே," என்றார். குரல் உடைந்துவிட்டது. உடனே கனைத்துக்கொண்டு, "போ, போயி குளி," என்று என் முதுகில் தட்டினார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். துண்டுகள் இரண்டையும் மடித்து ஓரமாக வைத்திருந்தார். கறுப்புக் கம்பிகளின் மேல், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று, அவருடைய எண்ணெய்க் கைத்தடம். இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார். நானும் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு தடங்களின் மேலும் என் கைகளை வைத்தேன். கதவு மூடியிருந்ததால் யாருக்கும் தெரியாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே இருக்கலாம் என்று நினைத்தேன்.

கதவு படபடவென்று அதிர்ந்தது.

"எவ்ளோ நேரம் லா குளிப்ப? தொட்டி காஞ்சிடுச்சா இல்லியா?"